துளசித் தேத்தண்ணி: சுவை, மணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் துளசிக் கன்று கேட்டு வருபவர்களில் பாதிப்பேர் பூசைக்கு, மீதிப்பேர் தேத்தண்ணிக்கு. இந்த இரண்டாவது கூட்டம் கொஞ்ச நாளில் திரும்பி வந்து "அக்கா, அது ஏன்..." என்று தொடங்கும். ஏன் மணக்கவில்லை, ஏன் கசக்கிறது, ஏன் மருந்து போல இருக்கிறது, சுற்றிச் சுற்றி இவைதான். படிக்கட்டில் நின்று ஒவ்வொருவருக்கும் சொல்வதை விட எழுதி வைப்பது சுகம் என்று, கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். வருத்தம் மாறுமா, சளி போகுமா என்ற கதை இதில் இல்லை. நாக்கும் மூக்கும் மட்டும்தான் இங்கே விசயம்.

ஒருக்காலும் குடிக்காத ஆளுக்கு, அது என்ன மாதிரி இருக்கும் எண்டு சொல்லுங்கோ பாப்பம்?

கோப்பையைக் கிட்டக் கொண்டுவரும்போதே கராம்பு மணம் வரும். அதற்குப் பின்னால் லேசாக மிளகு, இன்னும் பின்னால் கற்பூரம் பட்டது போல ஒரு குளிர்ச்சி. வாயில் வைத்ததும் பெரிதாக ஒன்றும் தெரியாது, வெறும் சுடுதண்ணி என்றுகூடத் தோன்றும்; விழுங்கிய பிறகுதான் தொண்டையில் மெல்லிய காரமும் அடிநாக்கில் சின்னக் கைப்பும் வந்து, அதற்கும் பிறகு சற்று இனிப்பு மாதிரி ஒன்று தங்கும். சித்த வைத்தியத்தில் துளசியைக் கார்ப்புச் சுவை, வெப்பத் தன்மை என்று வகைப்படுத்துவார்கள். தொண்டையில் வருகிற அந்தக் காரத்தைக் கவனித்தால் ஏன் என்று விளங்கும்.

தேயிலையில் இருக்கும் துவர்ப்பு இதில் அநேகமாக இல்லை. பிளேன்டீ குடித்துப் பழகிய வாய்க்கு முதலில் 'ஏதோ குறையுது' என்று படுவது அதனால்தான். கஃபீனும் கிடையாது, ஆகவே படுக்கப் போகுமுன் குடித்தாலும் நித்திரையைக் கெடுக்காது.

ஆரும் இதுக்குள்ள கராம்பு போட்டிருக்கினமோ? அப்பிடித்தான் மணக்குது.

யாரும் போடவில்லை. கராம்புக்கு அந்த மணத்தைத் தருவது யூஜினோல் என்ற பொருள், அதே யூஜினோல் துளசியிலும் முக்கியமான மணப்பொருள். இலையின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன, எண்ணெய் அவற்றுக்குள்தான் இருக்கிறது. அதனால்தான் இலையைச் சும்மா மணந்தால் கொஞ்சமாகவும், விரலால் கசக்கி மணந்தால் குப்பென்றும் வரும்.

மிளகு மணத்துக்கு இன்னொரு பொருள், கேரியோஃபிலீன். அது மிளகிலும் உண்டு, கராம்பிலும் உண்டு. இவை எல்லாம் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பது செடிக்குச் செடி மாறும். சில துளசியில் யூஜினோலுக்குப் பதிலாக மெத்தில் யூஜினோல் கூடுதலாக இருக்கும், இன்னும் சிலவற்றில் பெருஞ்சீரகம் போல இனிப்பாக மணக்கும் பொருள் தூக்கலாக இருக்கும். ஆகவே கொட்டாஞ்சேனையில் மாமி வீட்டில் குடித்தது போல உங்கள் வீட்டில் வரவில்லை என்றால் பிழை உங்கள் கையில்தான் என்று நினைக்க வேண்டாம், செடியே வேறாக இருக்கலாம்.

அளவு சொல்லுங்கோ அக்கா, கண்மட்டம் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ.

ஒரு கோப்பைக்கு, அதாவது 200 மில்லி தண்ணிக்கு, பத்துப் பன்னிரண்டு பச்சை இலை. காய்ந்தது என்றால் ஒரு தேக்கரண்டி. பச்சை இலையைக் கழுவி, உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டிக் கோப்பையில் போட்டு, கொதித்து இறக்கிய தண்ணியை ஊற்றி, உடனே மூடி விடுங்கள். ஐந்து முதல் ஏழு நிமிடம். பிறகு வடித்துவிட்டுக் குடியுங்கள்.

அந்த மூடிதான் இதில் முக்கால் வேலையும் செய்கிறது. யூஜினோலும் மற்ற எண்ணெய்களும் ஆவியோடு சேர்ந்து மேலே போகிறவை. திறந்து வைத்தால் அறை மணக்கும், கோப்பை மணக்காது. நம்பாவிட்டால் ஐந்து நிமிடம் கழித்து மூடியை எடுத்து அதன் உட்பக்கத்தை மணந்து பாருங்கள். தேயிலை ருசி பார்ப்பதற்கான ஐஎஸ்ஓ 3103 என்ற சர்வதேச முறையிலும் மூடியுள்ள பாத்திரம்தான், 100 மில்லிக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம். தேயிலைக்கே மூடி வேண்டுமென்றால் துளசிக்குச் சொல்லத் தேவையில்லை.

நான் போட்டா கசாயம் மாதிரிக் கைக்குது. என்ன பிழை?

அநேகமாக அடுப்பில் வைத்துக் கொதிக்க விட்டிருப்பீர்கள். மல்லித் தண்ணியைக் கொதிக்க விடலாம், வில்வம்பூவையும் ஆவாரம்பூவையும் கொதிக்க விடலாம், அவற்றிடம் எதிர்பார்ப்பது வேறு. துளசி இலை மெல்லியது. கொதிக்கக் கொதிக்க மணம் ஆவியோடு போய்விடும், கைப்பும் பச்சிலை வாடையும் தண்ணியிலேயே தங்கி விடும். பத்து நிமிடம் கொதித்த பிறகு உங்களிடம் இருப்பது துளசியின் கைப்பான பாதி மட்டும்தான். எங்கள் ஆட்களுக்கு மூலிகை என்றாலே ஒரு சட்டியில் போட்டு நாலில் ஒன்றாக வற்ற வைக்க வேண்டும் என்று மனதில் பதிந்து கிடக்கிறது, வைத்தியர் கசாயமாகச் சொல்லியிருந்தால் அப்படியே செய்யுங்கள், ருசிக்குக் குடிப்பதென்றால் வேண்டாம்.

கொதிக்க விடாமலும் கைத்தால் இலையைக் கோப்பைக்குள்ளேயே விட்டுவிட்டுக் குடிக்கிறீர்களா என்று பாருங்கள். ஏழு நிமிடத்துக்குப் பிறகு அது மணத்தைக் கூட்டுவதில்லை, கைப்பைத்தான் கூட்டும். ஆறவிட்டுக் குடித்தாலும் கைப்புத் தூக்கலாகத் தெரியும்.

பச்சைத் துளசி, கறுப்புத் துளசி, எது நல்லம்?

பச்சை நிறத்து ராமதுளசி மென்மை, கராம்பு மணம் இனிப்பாக வரும். ஊதாத் தண்டும் கருமை படிந்த இலையுமாக இருக்கும் கிருஷ்ணதுளசி உறைப்பு, மிளகுத் தன்மை கூட. தேத்தண்ணிக்கு என்னுடைய தெரிவு பச்சை. இஞ்சியோ மிளகோ சேர்ப்பதென்றால் மட்டும் கறுப்பு, ஏனென்றால் அவற்றோடு ஈடு கொடுக்க அதனால்தான் முடியும்.

பெட்டிகளில் மூன்றாவதாக வனதுளசி என்று ஒரு பெயர் பார்த்திருப்பீர்கள். அது வேறு இனம், இலை பெரிது, மணமும் முரட்டு மணம். தனியாகப் போட்டால் மூக்கில் ஏறும். கலவையில் கொஞ்சம் இருந்தால் நல்லது.

சூப்பர்மார்க்கெட்டில பேசில் எண்டு ஒரு கட்டு விக்கினம், அதுவும் துளசி தானே?

சொந்தம்தான், துளசி இல்லை. அது எங்கள் ஊரில் திருநீற்றுப்பச்சிலை என்று சொல்வதன் இனம். ஃபலூடாவில் மிதக்கிற கறுத்த விதையும் அந்த இனத்துடையதுதான். அதன் மணம் இனிப்பான, பூ மாதிரியான மணம். கராம்பு அடி அதில் மெலிதாகத்தான் இருக்கும். சுடுதண்ணியில் போட்டால் சூப் வாசம் வரும், எனக்குப் பிடிக்காது. தாய்லாந்துச் சாப்பாட்டில் மிளகாயோடு வறுக்கும் 'கப்ராவ்' இலை மட்டும் உண்மையான துளசி இனம். ஆனால் கொழும்பில் சில கடைகள் அதற்குப் பதிலாக மற்றதைப் போடுகின்றன, மணந்தாலே தெரியும்.

பச்சை இலை கிடைக்கேல்லை. காஞ்சது பரவாயில்லையா?

பரவாயில்லை, ஆனால் வேறு பானம் என்று நினைத்துக் குடியுங்கள். காயும்போது முதலில் போவது மேலோட்டமான மணங்கள், அந்தக் குளிர்ச்சி, அந்தப் பச்சைத் தன்மை. கனமான கராம்பு, மிளகு வாசம் தங்கும். அதனால் காய்ந்த துளசி இன்னும் உருண்டு திரண்ட மாதிரி, கொஞ்சம் மரவாசனையோடு இருக்கும். குளிர்ந்த மழை இரவுக்கு எனக்கு அதுதான் பிடிக்கும்.

வீட்டில் காய வைப்பதென்றால் நிழலில். மொட்டை மாடி வெயிலில் போட்டால் எண்ணெய் பறந்துவிடும். கொழும்பின் ஈரக் காற்றில் நிழலில் காய்வதற்கு நேரம் எடுக்கும், ஆகவே கடுதாசியில் மெல்லியதாகப் பரப்பி ஃபேனுக்குக் கீழே வையுங்கள். கையில் நொறுங்கினால் மட்டும் போத்தலில் அடையுங்கள், கொஞ்சம் துவண்டாலும் பூஞ்சணம் பிடிக்கும்.

புறக்கோட்டையில வாங்கினன், வைக்கோல் மாதிரி மணக்குது. ஏமாத்திப் போட்டாங்களோ?

ஏமாற்றியதாகவும் இருக்கலாம், பழசாகவும் இருக்கலாம், பழசாக இருப்பதுதான் அதிகம். கேபோஸ் லேன் பக்கம் மூலிகைக் கடைகளில் சாக்கில் திறந்து கிடக்கும் இலை எப்போது வந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. வாங்குமுன் ஒரு சிட்டிகை கேட்டு எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே தேய்த்து மணந்து பாருங்கள். உடனே கராம்பு வர வேண்டும். யோசித்துப் பார்த்துத்தான் வருகிறது என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நிறம் மங்கிய பச்சை அல்லது ஊதா கலந்த பச்சையாக இருக்கலாம், முழுக்க மண்ணிறம் என்றால் வேண்டாம். தண்டு கூடவா என்றும் பாருங்கள், நிறைக்குத் தண்டு, மணத்துக்கு இலை.

இந்த ஊரில் சிங்களக் கடைக்காரரிடம் 'மதுருதலா' என்று கேட்டால் சரியானதைத் தருவார்.

டீ பேக் வாங்கலாமே, ஏன் இந்தக் கரைச்சல்?

வாங்கலாம். பையின் பின்பக்கத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று வாசித்துவிட்டு வாங்குங்கள். துளசி என்று முன்னால் பெரிதாகப் போட்டு, உள்ளே பாதிக்கு மேல் கிரீன் டீ இருக்கும். அதற்குக் கஃபீனும் துவர்ப்பும் உண்டு, இரவில் நித்திரை வராமல் துளசியைத் திட்டியவர்களை எனக்குத் தெரியும். இலையை மிகச் சிறிதாக நொறுக்கினால் எண்ணெய் சீக்கிரம் போய்விடும், அதனால் தனித்தனியாக உறையிட்ட பை என்றால் ஓரளவு நம்பலாம்.

எங்கட பல்கனித் துளசி நல்லா செழிச்சுக் கிடக்கு, ஆனா மணமே இல்லை. ஏன்?

செழித்திருப்பதே காரணமாக இருக்கலாம். நிழலில், தண்ணி கூடுதலாகக் குடித்து, பசளை நிறையத் தின்று வளர்ந்த செடியின் இலை பெரிதாகவும் மெல்லியதாகவும் இருக்கும், எண்ணெய் குறைவு. நல்ல வெயில் நாலைந்து மணித்தியாலமாவது வேண்டும். மேல்மண் காய்ந்த பிறகு தண்ணி ஊற்றுங்கள். எதிர்மாடி வெயிலை மறைக்கிறது என்றால் பூச்சாடியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவதைத் தவிர வழியில்லை.

கடற்கரைப் பக்கத்து வீடுகளுக்கு இன்னொன்று. உப்புக் காற்று இலை ஓரத்தைக் கருக்கும், அந்த இலையைப் போட்டால் கோப்பையில் கருகின வாடை வரும். பறித்து எறிந்துவிட்டு, காற்று நேராக அடிக்காத பக்கம் வையுங்கள். பறிக்க நல்ல நேரம் காலை, வெயில் ஏறுமுன்.

பூக்கதிரையும் சேத்துப் போடலாமோ?

போடலாம். கதிரில் மணம் இலையை விடக் காட்டமாகக்கூட இருக்கும், ஆனால் கைப்பும் கூட, ஒரு கோப்பைக்கு ஒரு கதிர் போதும். விதை முற்றிய கதிர் வேண்டாம், அதில் மணமும் இல்லை ஒன்றும் இல்லை. தேத்தண்ணிக்கு என்றே வளர்ப்பவர்கள் கதிர் தலைகாட்டும்போதே கிள்ளிவிடுங்கள், செடி பூவில் இறங்கிவிட்டால் இலை சிறுத்துப் போகும்.

பால் ஊத்தலாமா? வெறும் துளசி எங்கட வீட்டில ஒருத்தரும் குடிக்காயினம்.

ஊற்றினால் மணம் குறையும். யூஜினோல் கொழுப்பில் நன்றாகக் கரையும், பாலின் கொழுப்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மூக்குக்கு விடாது. காரமும் கைப்பும் மழுங்கும் என்பதால் பிள்ளைகளுக்கு அது ஒரு வசதி. பால்மாப் போடுகிறவர்கள் முதலில் துளசியைத் தனியாக ஊறவைத்து வடித்து, பிறகு மாவைக் கரையுங்கள், இலை அளவை ஒன்றரை மடங்காக்குங்கள். தேயிலையையும் சேர்த்தால் இன்னும் பொருத்தம், துவர்ப்பு வந்தால்தான் பால் எடுபடும்.

இஞ்சி, ஏலக்காய், கறுவா, புதினா... என்ன சேரும், என்ன சேராது?

கறுவா நன்றாகச் சேரும். அதற்குக் காரணமும் உண்டு: இலங்கைக் கறுவாப் பட்டையில் யூஜினோல் கொஞ்சம் இருக்கிறது, கறுவா இலை எண்ணெயில் பெரும்பங்கே அதுதான். மலிவாக வருகிற தடித்த சீனக் கறுவாவில் அது மிகக் குறைவு, உறைப்பு மட்டும் தூக்கி நிற்கும். ஆகவே சுருள் சுருளாக மெல்லியதாக இருக்கும் எங்கள் கறுவாவில் விரல் நகம் அளவு துண்டு போடுங்கள்.

இஞ்சி சேரும், ஆனால் ஒரு வட்டத்துக்கு மேல் போட்டால் அது இஞ்சித் தேத்தண்ணி. ஏலக்காய் ஒன்று, தட்டி. மிளகு இரண்டு மணி, தடிமன் நாட்களில். கராம்பு போட வேண்டாம் என்பேன், மேலே சொன்ன காரணத்தால் அது துளசியை எழுப்பாது, துளசியின் இடத்தையே பிடித்துவிடும். பழைய துளசியை ஒப்பேற்ற மட்டும் ஒரு கராம்பு உதவும், சில கடைகளில் அதுதான் நடக்கிறது என்பது என் சந்தேகம். புதினா வேண்டவே வேண்டாம், இரண்டும் கூட்டத்தில் ஒரே நேரத்தில் கதைக்கிற ஆட்கள் மாதிரி, ஒருவர் சொல்வதும் கேட்காது. ரம்பை சோற்றுக்கு.

சீனி போடுறதா, தேனா, பனங்கட்டியா?

கடித்துக்கொண்டு குடிப்பதென்றால் பனங்கட்டி. கலந்து குடிப்பதென்றால் சீனி, அரைக் கரண்டி. பனங்கட்டிக்கும் கித்துல் கருப்பட்டிக்கும் தங்கள் சொந்த மணம் அதிகம், கோப்பைக்குள் கரைத்தால் துளசி தோற்றுவிடும், பக்கத்தில் வைத்துக் கடித்தால் ஒரு மிடறு இனிப்பு ஒரு மிடறு துளசி என்று இரண்டும் தெரியும். தேன் போடுகிறவர்கள் சூடு கொஞ்சம் அடங்கியதும் போடுங்கள், கொதி தண்ணியில் தேனின் மணம் போய்விடும்.

யாழ்ப்பாணத்தில அம்மம்மா போட்டுத் தந்தது வேற மாதிரி. இஞ்ச அப்பிடி வருகுதே இல்லை.

தண்ணிதான். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் நிற்கின்றன, அந்தத் தண்ணி வன்மையானது. கொழும்புக்கு வருவது களனி கங்கையில் அம்பத்தளையிலிருந்தும், லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும், அது மென்மையான தண்ணி. வன்தண்ணியில் ஊறினால் சாறு இருண்டு, மணம் சற்று அமுங்கி, வாயில் கனமாக இருக்கும். மென்தண்ணியில் வெளிறி, மணம் மேலே நிற்கும். எது நல்லது என்று நான் சொல்லப் போவதில்லை, அம்மம்மாவோடு போட்டிக்கு யார் போவது.

கொழும்புத் தண்ணியில் சில நாள் குளோரின் மணம் தூக்கலாக இருக்கும். அந்த நாட்களில் மூடாமல் இரண்டு நிமிடம் நன்றாகக் கொதிக்க விட்டு, பிறகு இலையில் ஊற்றுங்கள். கவனியுங்கள், கொதிப்பது தண்ணி, இலை இல்லை.

கந்தோருக்கு ஃபிளாஸ்கில கொண்டு போறன். மத்தியானம் திறந்தா பல்லு டொக்டர் அறை மணம்!

சரியாகத்தான் மணந்திருக்கிறீர்கள். பல் மருத்துவர்கள் தற்காலிகமாகப் பல் அடைக்கும் கலவை ஒன்றில் யூஜினோல் இருக்கிறது, அந்த அறையின் வாசமே அதுதான். மூடிய ஃபிளாஸ்கில் மணங்கள் வெளியே போக முடியாமல் அடைபட்டு, திறந்ததும் மொத்தமாக மூக்கில் அடிக்கிறது. வடித்து ஊற்றுங்கள், இலையோடு ஊற்றவே கூடாது, திறந்ததும் கோப்பையில் ஊற்றி ஒரு நிமிடம் விடுங்கள். அப்புறம், பிளாஸ்டிக் மூடியும் றப்பர் வளையமும் இந்த எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அடுத்த நாள் ஊற்றும் கோப்பியும் துளசியாக மணக்கும். துளசிக்கென்று ஒன்றை ஒதுக்கிவிடுவது நிம்மதி.

குடிச்சா நாக்கு லேசா மரக்குது. பயப்பிட வேணுமோ?

இல்லை, அதுவும் யூஜினோல்தான், பல்வலிக்குக் கராம்பு கடிக்கச் சொல்வதும் இதற்காகத்தான். நல்ல புது இலைக்கு அடையாளம் என்றே எடுத்துக்கொள்ளலாம். நன்றாக மரத்துப் போனால் இலையைக் குறையுங்கள்.

தடிமன் பிடிச்ச நேரம் குடிச்சன், சுவையே இல்லை. பழுதாப் போச்சோ?

துளசி பழுதாகவில்லை, மூக்கு அடைத்திருக்கிறது. முதல் கேள்விக்குச் சொன்னதைப் பாருங்கள், இந்தப் பானத்தில் நாக்குக்கு உரியது கொஞ்சம் கைப்பும் கொஞ்சம் காரமும்தான், மற்றதெல்லாம் வாய்க்குள்ளிருந்து பின்பக்கமாக மூக்குக்குப் போகிற மணம். மூக்கை விரலால் பொத்திக்கொண்டு குடித்துப் பாருங்கள், தடிமன் இல்லாத நாளிலும் அப்படித்தான் இருக்கும்.

தேசிக்காய் விட்டா நிறம் மாறுது, ஏன்?

கறுப்புத் துளசியின் ஊதா நிறப்பொருள் புளிப்புப் பட்டால் இளஞ்சிவப்புப் பக்கம் போகும். பச்சைத் துளசியில் சாறு வெளிறும், அவ்வளவுதான். நாலைந்து துளி தேசிப்புளி கைப்பை அமர்த்தும், பால் ஊற்றியவர்கள் மட்டும் கிட்டப் போகாதீர்கள்.

பெருமாள் கோயில் தீர்த்தத்தின்ட மணம் ஏன் வீட்டில வருகுதில்லை?

அதில் துளசி மட்டும் இல்லை. பச்சைக் கற்பூரம், ஏலக்காய், சில கோயில்களில் கராம்பும் சேரும். தெஹிவளை விஷ்ணு கோயிலில் கையில் வாங்கி மணந்து பாருங்கள், முதலில் ஏறுவது கற்பூரம். இன்னொரு வித்தியாசம், அது பச்சைத்தண்ணியில் நெடுநேரம் ஊறுவது, அதனால் கைப்பு இறங்குவது குறைவு. அந்த மென்மை வேண்டுமென்றால் பத்து இலையைத் தட்டி, மூடிய செம்பில் ராவைக்கு ஊறவிட்டு விடிய வடித்துக் குடியுங்கள். கொதித்து ஆறிய தண்ணியாக இருக்கட்டும்.

ஆரும் குடிக்கக் கூடாது எண்டு இருக்கோ?

சுவைக்கு வெளியே போகிற கேள்வி, ஆனாலும் சொல்ல வேண்டும். வார்ஃபரின் மாதிரி இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், தினமும் குடிக்கத் தொடங்குமுன் வைத்தியரிடம் கேளுங்கள். என்னிடம் வேண்டாம்.

அதே இலையில ரெண்டாந்தரம் ஊத்தலாமா?

ஊற்றினால் நிறம் வரும், மணம் வராது. எண்ணெயில் பெரும்பகுதி முதல் ஊறலிலேயே போய்விட்டது.

துவாதசி அண்டைக்குப் பறிக்கக் கூடாது, பொழுதுபட்டாப் பறிக்கக் கூடாது எண்டு மாமி சொல்லுறா. தேத்தண்ணிக்கும் அப்பிடியோ?

மாமி சொல்வது வழக்கத்தில் உள்ளதுதான், அவவோடு வாதாட நான் வரவில்லை. முதல் நாள் காலையில் பறித்து, ஈரத் துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், ஒரு நாளுக்கு மணம் பெரிதாகக் குறையாது. மேல்தட்டுக் குளிரில் இலை கறுத்துவிடும். இன்னும் சுலபம், பூசைக்கு ஒரு சாடி, கேத்திலுக்கு ஒரு சாடி என்று பிரித்து வைப்பது. இரண்டாவது சாடிக்குக் கன்று வேண்டுமென்றால் வாங்கோ, இருக்கிறது, ஆனால் வெறும் பூச்சாடியோடு வாங்கோ.